பத்து வருஷம் இருக்கும்

போன மாதம் ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் விதிமுறைகள் என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தன. 11,000 சொல், ஆறு நாள் கெடு. கூடவே எக்ஸெல் கோப்பில் ஒரு சொற்பட்டியல். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் போட வேண்டும் என்று வேலை கொடுப்பவர்கள் அனுப்பி வைப்பது. அதன் 43-ஆவது வரியில் ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங் டிஸீஸ்’ என்பதற்கு ‘முன்பே இருக்கும் நோய்’ என்று போட்டு, பக்கத்துக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் ‘மாற்றக் கூடாது’ என்றிருந்தது.

எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘ப்ரீ-எக்ஸிஸ்ட்’ ஒரு வினைச்சொல். முன்பே இருத்தல். ‘எக்ஸிஸ்ட்’ என்பதன் லத்தீன் வேரைத் தோண்டினால் ‘வெளியே வந்து நிற்பது’ என்று கிடைக்கும். ஆக, முன்னாடியே வெளியே வந்து நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வெறும் வினையாக இந்தச் சொல்லைப் பேச்சில் கேட்பது அபூர்வம். ‘இங்’ சேர்த்து ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங்’ என்று அடைமொழியாகத்தான் எங்கும் அலைகிறது. வினையாகப் போட்டால் உடனே ‘எதற்கு முன்?’ என்ற கேள்வி எழும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் அந்த ‘எது’வைச் செயப்படுபொருளாகவே வைத்துவிடலாம். மயிலாப்பூர் மதராஸை ‘ப்ரீ-எக்ஸிஸ்ட்’ செய்தது என்பார்கள். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் பிடித்தபோது மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பல நூற்றாண்டு கண்ட ஊர்கள். தமிழில் ‘மதராஸை இருந்தது’ என்றால் சிரிப்பார்கள். ‘மதராஸுக்கு முன்பே இருந்தது’ என்று நான்காம் வேற்றுமையும் ஒரு ‘முன்’னும் போட்டாக வேண்டும். நாம் ‘இரு’ என்ற வினையை யார்மேலும் ஏற்றுவதில்லை. அது பாட்டுக்கு இருக்கும்.

‘ப்ரிஸீட்’ என்று இன்னொரு வினை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் வாடகை வீட்டைத்தான் உதாரணம் சொல்வேன். நீங்கள் குடிபோகும் வீட்டில் உங்களுக்கு முன்னால் இருந்த குடித்தனக்காரர் ‘ப்ரிஸீட்’. அவர் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். அடுக்களைச் சுவரில் இருக்கிற விரிசல் ‘ப்ரீ-எக்ஸிஸ்ட்’. உங்களுக்கு முன்பே இருந்தது, நீங்கள் பால் காய்ச்சும்போதும் இருக்கிறது. நீங்கள் காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைக்கப்போவது அந்த விரிசலைக் காட்டித்தான். ‘நீங்க வந்தப்பவே இருந்துதா, வந்தப்புறம் விழுந்துதா?’ காப்பீட்டுக் கம்பெனி கேட்பதும் இதே கேள்விதான், தொகைதான் பெரிது.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு வம்பு இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் நடுவில் சிறுகோடு போடுவார்கள், அமெரிக்கர்கள் சேர்த்தே எழுதிவிடுவார்கள். நியூயார்க்கர் இதழ் மட்டும் இரண்டாவது ‘ஈ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்கும். என் கவலை வேறு. எனக்குச் சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி. சிறுகோடு போட்டாலும் கணினி அதை ஒரே சொல்லாகத்தான் எண்ணுகிறது. தமிழில் இரண்டு சொல்லாக எழுதினாலும் ஒன்றுக்குத்தான் காசு.

இந்த வினை ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் நெடுங்காலம் மதவாதிகள் கையில் இருந்தது. பிறப்பதற்கு முன்பே உயிர் இருந்ததா, மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு எப்போதும் இருந்தவரா என்றெல்லாம் வாதாட அவர்களுக்கு இது வேண்டியிருந்தது. யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் ஒரு வரி வரும்: ‘ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்.’ பள்ளியில் என் பக்கத்து பெஞ்சுத் தோழி இதைச் சொல்லிக்காட்டியபோது ‘இருந்தேன்’ என்பதை யாரோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன். தப்பில்லை. கிரேக்க மூலத்திலேயே நிகழ்காலம்தான். முன்னமே என்ற சொல்லுக்குப் பிறகு ‘இருக்கிறேன்’ வந்து நிற்கிற அந்த விசித்திரத்தில்தான் வரியின் பலமே இருக்கிறது. நம் சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை, மூன்றுமே அநாதி, தொடக்கம் இல்லாதவை. அங்கே ‘எதற்கு முன்?’ என்று கேட்கவே முடியாது. கம்பெனிக்காரர்கள் கண்ணில் இது படாமல் இருக்க வேண்டும். ஆணவ மலம் என்ற அழுக்கு உயிரில் அநாதியாக ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குமே பாலிசி கொடுக்க மாட்டார்கள்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

2022 அக்டோபரில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. கரந்தையில் எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் திரும்பாது. தம்பியும் எதிர்வீட்டுப் பையனுமாக நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தஞ்சாவூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்தார், இப்போது தினமும் ராத்திரி சீரியல் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். பில் 1,86,000 ரூபாய். 2019 ஜூனில் எடுத்த பாலிசி இருந்ததால் நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பணம் வரவில்லை, கடிதம் வந்தது. நோயாளிக்குப் பாலிசி எடுப்பதற்கு முன்பே சர்க்கரை நோய் இருந்திருக்கிறது, அதைத் தெரிவிக்கவில்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அந்தக் கடிதத்தில் நம் ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங்’ நாலு இடத்தில் இருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஆனால் அது தெரியவந்தது 2021 ஜனவரியில், பாலிசி எடுத்து ஒன்றரை வருஷம் கழித்து. முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, முதல் மருந்துச் சீட்டு எல்லாம் தேதியோடு வீட்டில் இருந்தன. அப்படியிருக்க ‘முன்பே’ எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரிவரியாகப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே கிடைத்தது: ‘கே/சி/ஓ டி.எம். x 10 இயர்ஸ்.’ பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பது அறியப்பட்டவர் என்பதற்கு டாக்டர்களின் சுருக்கெழுத்து. ‘கே’ என்றால் ‘நோன்’, தெரிந்தது. யாருக்குத் தெரிந்தது?

அம்மாவுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு, அவசரப் பிரிவு வாசலில், ஒரு சின்னப் பையன் டாக்டர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

“சக்கரை இருக்காம்மா? எத்தனை வருஷமா?”

“சக்கரையா தம்பி... அது ஒரு பத்து வருஷம் இருக்கும்.”

“எப்படிம்மா பத்து வருஷம்?” என்று நான் தலையில் அடித்துக்கொண்டபோது அம்மா அப்பாவியாகச் சொன்னாள்: “அவரு காபில சக்கரைய விட்டதுலேர்ந்து கணக்கு வெச்சேன்டி.” பெரியப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரலை எடுத்த வருஷம், அந்தப் பயத்தில் அப்பா காபிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினார். நோய் அண்ணனுக்கு, பத்தியம் தம்பிக்கு. பதறிப்போய் நின்ற அம்மாவின் தலையில் இரண்டு சர்க்கரையும் ஒன்றாகிவிட்டன.

அதைக்கூட விடுங்கள். நான் பல ராத்திரி யோசித்தது அம்மா சொன்ன அந்தக் கடைசிச் சொல்லைத்தான். ‘இருக்கும்.’ பத்து வருஷம் ‘ஆகிறது’ என்று அவள் சொல்லவில்லை. தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும், வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘இருக்கும்’ ஊகம். ‘மணி என்ன?’ ‘எட்டு இருக்கும்.’ ‘அது நிஜமா?’ ‘இருக்கும், இருக்கும்.’ சொன்னவரைப் பிறகு பிடிக்க முடியாது. தமிழில் ஒப்புக்குத் தலையாட்டுவதற்கென்றே செய்துவைத்த சொல் அது. அந்தப் பையனும் தமிழ்க்காரர்தான், அவர் காதில் ஊகமாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். ‘x 10 இயர்ஸ்’ என்று எழுதும்போது அந்த ‘இருக்கும்’ எங்கேயோ உதிர்ந்துவிட்டது. காகிதத்தில் ஏறியதும் ஊகம் வரலாறாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே ‘இருக்கும்’ ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் குணம் மாறிவிடும். ‘மேசைமேல் இருக்கும் புத்தகம்’ என்றால் ஊகமே இல்லை, புத்தகம் அங்கே இருக்கிறது. 43-ஆவது வரியைப் பார்த்து எனக்குக் காபி தேவைப்பட்டது இதனால்தான். ‘முன்பே இருக்கும் நோய்.’ வாக்கிய முடிவில் சந்தேகமாக இருந்தது, அடைமொழியானதும் சத்தியமாகிவிடுகிறது.

ஆங்கிலத்தின் ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங்’ காலம் காட்டாமல் நழுவிவிடும். தமிழ் அப்படி விடாது. ‘முன்பே இருந்த நோய்’ என்றால் அது இருந்து, குணமாகிப் போனது போலவும் ஒலிக்கிறது. ‘முன்பே இருக்கிற நோய்’ என்றால் ‘முன்பே’யும் ‘இருக்கிற’வும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ‘ஏற்கெனவே உள்ள’ பரவாயில்லை, ‘உள்ள’வுக்குக் காலம் கிடையாது. எனக்குப் பிடித்தது ‘இருந்துவரும்’. முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் அந்த இழுவை ‘இருந்துவரும்’ என்பதில்தான் இருக்கிறது. விரிசல் சுவரில் இருந்துவருகிறது. சின்னச் சொல், வேலை முழுதாகச் செய்கிறது. யாரும் பாலிசியில் போடுவதில்லை.

ஆனால் எந்தத் தமிழ் சரி என்பது அப்புறம். ஆங்கிலச் சொல்லே இங்கே தப்பு என்பதுதான் என் கட்சி.

பெரிய கோயிலுக்கு வாருங்கள், சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் உதாரணம் அங்கேதான். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றுச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. ஜனங்கள் அவற்றைத்தான் பார்த்துவந்தார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அந்தப் பூச்சு பெயர்ந்திருந்த இடத்தில் அடியில் வேறொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். சோழர் ஓவியம், ராஜராஜன் காலத்தது. கோயில் குடமுழுக்கு நடந்தது 1010-இல். அப்படியானால் ஏறக்குறைய 900 ஆண்டு அந்த ஓவியம் சுவரில்தான் இருந்திருக்கிறது. நாயக்கர்களுக்கு முன்பே இருந்தது, நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலும் இருந்தது. இருந்தது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் 1930-இல் தஞ்சாவூரில் ஒருவரைப் பிடித்து ‘இந்தச் சுவரில் சோழர் ஓவியம் இருக்கிறதை ஏன் மறைத்தாய்?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

சர்க்கரையும் அந்த மாதிரிச் சுவர்தான். இரண்டாம் வகை நீரிழிவு சத்தமில்லாமல் சில ஆண்டுகள் உடம்பில் இருந்துவிட்டுப் பிறகுதான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது டாக்டர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம். ஆக ‘இருந்ததா?’ என்று கேட்டால் 2019-இல் அப்பா உடம்பிலும் அதன் விதை ஏதாவது இருந்திருக்கலாம். சாங்கியம் என்ற பழைய தத்துவப் பிரிவுக்காரர்கள் சொல்லும் சற்காரியவாதம் மாதிரி. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, பானை களிமண்ணுக்குள் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் பிறவிச் சாங்கியர்கள். மாரடைப்பு சர்க்கரைக்குள் இருந்தது, சர்க்கரை 2012-ஆம் வருஷக் காபிக்குள் இருந்தது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறையில் ‘இருந்த’ என்பதற்கு வேலையே இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அந்தக் காலத்தில் மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ சொன்ன அல்லது கொடுத்த நோய். அவ்வளவுதான். அதற்கு முன் இது 48 மாதமாக இருந்தது. பழைய வரையறை ஒன்றில் ‘அறிகுறிகள்’ என்ற சொல்லும் இருந்தது, பின்னால் எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்புக் காலமும் (பாலிசி எடுத்தபின் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) 48-இலிருந்து 36 மாதமாகக் குறைந்திருக்கிறது. இடைவெளியில்லாமல் 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், ‘நீ சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்டிப் பிறகு நிராகரிக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் வேறு கதை. முன்பு இது எட்டு ஆண்டு.

வரையறையைத் திரும்பப் படியுங்கள். பெயர் ‘முன்பே இருந்தது’. பொருளோ ‘முன்பே ஒரு டாக்டருக்குத் தெரிந்தது’. லத்தீன் வேரில் பார்த்த ‘வெளியே வந்து நிற்பது’ என்ற பொருளில் எடுத்தால் ஒருவேளை பொருந்தும். ஆனால் இன்றைக்கு யார் அந்தப் பொருளில் படிக்கிறார்கள்? ‘எக்ஸிஸ்ட்’ என்றால் இருப்பது. பாலிசிக்காரர் பயப்படுவதும் அந்தப் பொருளில், கம்பெனி எழுதுவதும் அந்தப் பொருளில்.

அமெரிக்காவில் இந்தச் சொல் அரசியல் மேடையே ஏறியது. 2010-இல் கொண்டுவந்த சட்டத்தால், 2014 ஜனவரி முதல் அங்கே முன்பே இருந்த நோயைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ முடியாது. அங்கே இது ஓட்டுக் கேட்கிற சொல். நமக்கு இன்னும் சின்ன எழுத்துச் சொல்தான்.

எங்கள் வழக்கு என்ன ஆனது என்றால், ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தேன். எழுதிய பையன் மேல்படிப்புக்குப் போய்விட்டார். பெரிய டாக்டர், பத்து ஆண்டு என்பது உறவினர் வாய்மொழியாகச் சொன்ன உத்தேசக் கணக்கு என்று ஒரு கடிதம் கொடுத்தார். பிறகு யோசித்து வாங்கிய கடிதம் என்று கம்பெனி தள்ளிவிட்டது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் குடைந்தபோது தம்பி கையில் சிக்கியது ஒரு நீல உறை. 2019-இல் பாலிசி கொடுப்பதற்கு முன், 60 வயது தாண்டியவர் என்பதற்காகக் கம்பெனியே அப்பாவை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.6. சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 வேண்டும். இவர்கள் எடுத்த ரத்தம், இவர்கள் கட்டிய கட்டணம், இவர்கள் வாங்கிப் படித்த அறிக்கை.

அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனுக்கு, அதாவது பாலிசிதாரர் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவருக்கு, அனுப்பினேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விசாரணை வீடியோவில் நடந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பணம் வந்தது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கம்பெனியைத் திட்டுவார்கள். நான் பாதிதான் திட்டுவேன். பைபாஸ் செய்த வடுவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்தவர் என் சொந்தத்திலேயே இருக்கிறார். ‘எல்லாத்துக்கும் இல்லைன்னே போடுங்க சார்’ என்று பேனாவைக் கையில் கொடுக்கும் முகவர்களையும் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சண்டை, தெரியாததையும் ‘இருந்தது’ என்ற பெயரில் கணக்கில் சேர்ப்பதோடுதான்.

43-ஆவது வரி பற்றி வேலை கொடுத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். ‘முன்பே கண்டறியப்பட்ட நோய்’ என்று வைக்கலாம், வரையறையோடு பொருந்தும், படிப்பவருக்கும் புரியும் என்று காரணங்களோடு அரைப் பக்கம். இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. நல்ல யோசனை, நன்றி, தயவுசெய்து சொற்பட்டியலைப் பின்பற்றவும். பின்பற்றினேன். 38 இடத்தில் ‘முன்பே இருக்கும் நோய்’ என்று அடித்தேன். கூலி வந்துவிட்டது.

போன வாரம் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். வரிசையில் உட்காரவைத்து ஒரு நர்ஸ் பெண் விவரம் கேட்டுக்கொண்டே வந்தது. “சுகர் எத்தனை வருஷமா தாத்தா?” அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா மடியிலிருந்த மஞ்சப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட அந்த முதல் சீட்டை வெளியே எடுத்தாள்.

“ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, ஜனவரி பதினெட்டு. திங்கக்கிழமை. அதுக்கு முன்னாடி கிடையாது.”

அந்தப் பெண் சீட்டை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அப்ப ஒரு நாலஞ்சு வருஷம் இருக்கும், இல்லம்மா?” என்று சொல்லிக்கொண்டே எழுதியது.